சுழியை எழுதுவதா, விடுவதா?

பழைய தமிழ்க் கணக்கு முறையில் இரண்டாயிரத்து ஐந்து என்ற தொகை ௨௲௫ என்று எழுதப்படும். இரண்டு, ஆயிரத்துக்கான குறி, ஐந்து. அவ்வளவுதான். அந்தத் தொகையில் நூறு இல்லை, பத்து இல்லை. ஆகவே அவற்றுக்கு ஏட்டில் இடமும் இல்லை. இன்று நாம் 2005 என்று எழுதும்போது இல்லாத நூறுக்கு ஒரு சுழியும் இல்லாத பத்துக்கு ஒரு சுழியும் போட்டாக வேண்டும். போடாவிட்டால் அது இருபத்தைந்தாகிவிடும். வேடிக்கை என்னவென்றால், எழுத்தில் புதிய முறைக்கு மாறிவிட்ட நாம் பேச்சில் இன்னும் பழைய முறையில்தான் இருக்கிறோம். ‘இரண்டாயிரத்து ஐந்து’ என்று சொல்லும்போது இடையில் எந்தச் சுழியையும் யாரும் உச்சரிப்பதில்லை.

ஒரே எண்ணை எழுதுவதற்கான இந்த இரண்டு வழிகளும் கணினி நிரலாளர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பிரச்சினையின் இரண்டு விடைகள். பல்லுறுப்புக்கோவைகளைக் கையாளும் ஒரு நிரல் நூலகத்தை உருவாக்க உட்காருபவர் முதல் நாளே எதிர்கொள்ளும் கேள்வி இது: இல்லாத உறுப்புக்கு இடம் ஒதுக்குவதா, வேண்டாமா?

பல்லுறுப்புக்கோவை நாம் ஒன்பதாம் வகுப்பில் சந்தித்ததுதான். ஒரு மாறியின் அடுக்குகளை வெவ்வேறு கெழுக்களால் பெருக்கிக் கூட்டினால் கிடைப்பது. மாறியை இங்கே ‘ய’ என்று குறிக்கிறேன். காரணம் சற்றுப் பின்னால் வரும். 2ய³ + 5 ஒரு பல்லுறுப்புக்கோவை. இதில் ய-வுக்குப் பதிலாகப் பத்தைப் போட்டால் 2005. ௲ என்ற குறி பத்தின் மூன்றாம் அடுக்கு. ௱ இரண்டாம் அடுக்கு. ௰ முதல் அடுக்கு. ஆயிரத்தெட்டைப் பழைய முறையில் ௲௮ என்று எழுதும்போது ஆயிரத்துக்கு முன்னால் ஒன்று போடுவதில்லை. இயற்கணிதத்திலும் ய³-க்கு முன்னால் ஒன்று போடுவதில்லை. இன்னொன்றும் உண்டு. இருபத்தைந்தாயிரம் என்பது ௨௰௫௲. இங்கே ஆயிரத்தின் கெழுவாக நிற்பது ஒற்றை இலக்கமல்ல, ‘இருபத்தைந்து’ என்ற இன்னொரு கோவை. கோவைக்குள் கோவை. பல மாறிகள் கொண்ட கோவைகளைக் கணினியில் வைக்கும் முக்கியமான முறைகளில் ஒன்று இதே அமைப்புதான்.

ஆக, கேள்வி நமக்குப் புதிதல்ல. காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர் வட்டாரத்திலிருந்து பர்மா, மலாயா, இலங்கை வரை கடை வைத்து வட்டித் தொழில் செய்த நகரத்தார் பேரேடும் ஐந்தொகையும் தமிழில் எழுதியவர்கள். எண்ணை எப்படி எழுதிவைத்தால் கணக்கு விரைவாகவும் பிழையின்றியும் முடியும் என்பது அந்த மண்ணின் தொழில் அறிவு. அந்த அறிவைத் துணையாக வைத்துக்கொண்டு நூலகத்துக்குள் போவோம்.

முதல் வழி, அடுக்கு வரிசையில் எல்லாக் கெழுக்களையும் வைப்பது. 2ய³ + 5 என்பதை 5, 0, 0, 2 என்ற நான்கு எண்களின் பட்டியலாகச் சேமிக்கலாம். அடுக்குகளை எழுத வேண்டியதே இல்லை; எந்த இடத்தில் நிற்கிறது என்பதே அடுக்கு. இதை அடர்ந்த வடிவம் என்பார்கள். இரண்டாம் வழி, இருக்கும் உறுப்புகளை மட்டும் அடுக்கோடு சேர்த்து எழுதுவது: ‘அடுக்கு 3, கெழு 2, அடுக்கு 0, கெழு 5’. இது அருகிய வடிவம், அதாவது நம் ௨௲௫.

ய-இன் நூறு கோடியாவது அடுக்கோடு ஒன்றைக் கூட்டிய கோவையை எடுத்துக்கொள்வோம். உறுப்புகள் இரண்டே. அடர்ந்த வடிவத்தில் இதை வைக்க நூறு கோடிக்கு மேல் இடங்கள் வேண்டும். ஓர் எண்ணுக்கு 8 பைட் என்றால் சுமார் 8 கிகாபைட். கிட்டத்தட்ட அத்தனையும் சுழி. அருகிய வடிவத்துக்கு ஒரு வரி போதும். அப்படியானால் அருகிய வடிவமே சிறந்தது என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் ய¹⁰⁰⁰ − 1 என்ற இரண்டே உறுப்புள்ள கோவையை ய − 1 என்ற இரண்டே உறுப்புள்ள கோவையால் வகுத்துப் பாருங்கள். ஈவு ய⁹⁹⁹ + ய⁹⁹⁸ + … + ய + 1. ஆயிரம் உறுப்புகள், ஒரு சுழிகூட இல்லை. ஒவ்வொரு உறுப்புக்கும் அடுக்கையும் கெழுவையும் தனித்தனியே சுமப்பது இங்கே வீண் பாரம். அந்த ஆயிரத்தையும் மறுபடி ய − 1 ஆல் பெருக்கினால் இரண்டே உறுப்பு மிஞ்சி மற்றதெல்லாம் அடிபட்டுப் போகும். ஒரு கோவை பிறக்கும்போது அது எப்படி வளரும் என்று நூலகத்துக்குத் தெரியாது. ஆகவே பைத்தான் மொழியின் சிம்பை நூலகம் இரண்டு வடிவங்களையும் உள்ளே வைத்திருக்கிறது: கெழுக்களின் பட்டியலாக ஒன்று, அடுக்கைச் சொன்னால் கெழுவைத் தரும் அகராதியாக ஒன்று. ஃபிளின்ட் என்ற எண்கோட்பாட்டு நூலகம் ஒரு மாறிக் கோவைகளை அடர்ந்தும் பல மாறிக் கோவைகளை அருகியும் வைக்கிறது. இரண்டையும் எழுதிப் பராமரிப்பது கூடுதல் உழைப்பு. அந்த உழைப்பைத் தவிர்க்க ஒன்றை மட்டும் தேர்ந்த நூலகங்கள் என்றாவது ஒருநாள் அதற்கான விலையைக் கொடுத்திருக்கின்றன.

அடர்ந்த வடிவத்தை எடுத்தால் உடனே அடுத்த கேள்வி: எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது? நாம் எழுதும் வழக்கப்படி பெரிய அடுக்கு முதலிலா, அல்லது மாறிலி உறுப்பு முதலிலா? அற்பமான விஷயமாகத் தோன்றலாம். பைத்தானின் எண் கணிப்பு நூலகமான நம்பையில் இதன் தடம் இன்றுவரை இருக்கிறது. அதன் பழைய கருவி, மேட்லாப் என்ற கணிப்பு மென்பொருளைப் போலவே, பெரிய அடுக்கை முதலில் வைத்தது. பின்னால் வந்த புதிய தொகுப்பு மாறிலியை முதலில் வைக்கிறது. 1, 2, 3 என்ற பட்டியலைப் பழையதிடம் கொடுத்தால் ய² + 2ய + 3 என்று புரிந்துகொள்ளும். புதியதிடம் கொடுத்தால் 1 + 2ய + 3ய² என்று புரிந்துகொள்ளும். ய = 2 என்றால் முதலாவதின் மதிப்பு 11, இரண்டாவதின் மதிப்பு 17. இரண்டுமே எந்தப் புகாரும் சொல்லாமல் ஓடும். பிழைச் செய்தி காட்டாமல் தவறான விடை தருவதுதான் நிரலில் மிக மோசமான பிழை.

என் கட்சி மாறிலி முதலில் என்பதே. பட்டியலில் கணினி இடங்களைச் சுழியிலிருந்து எண்ணும். அப்போது மூன்றாம் இடத்தில் இருப்பது ய³-இன் கெழு, ஏழாம் இடத்தில் இருப்பது ய⁷-இன் கெழு. இடமும் அடுக்கும் ஒன்றே. இரண்டு கோவைகளைக் கூட்டும்போது, ஒன்றின் படி (மிகப் பெரிய அடுக்கு) மூன்றாகவும் மற்றதின் படி பத்தாகவும் இருந்தாலும், இடப்பக்கம் தானாகவே ஒத்துப்போகும். புதிதாக ஒரு பெரிய அடுக்கு சேர்ந்தால் கடைசியில் ஒட்டினால் போதும்; மற்றவை நகர வேண்டாம்.

இந்த ஒத்துப்போக வைக்கும் அக்கறை நம் நாட்டில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையது. கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் எழுதிய நூலுக்கு ஒன்பதாம் நூற்றாண்டில் உரை செய்த பிருதூதகசுவாமி, ஒரு சமன்பாட்டின் இரு பக்கங்களையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதுகிறார். தெரியாத எண்ணுக்கு ‘யா’ என்ற குறி, அதன் வர்க்கத்துக்கு ‘யாவ’, மாறிலிக்கு ‘ரூ’. ஒவ்வொரு குறியின் பக்கத்திலும் கெழு. குறை எண்ணானால் அதன் தலைமேல் ஒரு புள்ளி. பத்து மடங்கு யா-விலிருந்து எட்டைக் கழித்தால் யா-வின் வர்க்கத்தோடு ஒன்று சேர்ந்ததற்குச் சமம் என்ற கணக்கில், மேல் வரிசையில் வர்க்கம் இல்லை. அங்கே 0 என்று வெளிப்படையாக எழுதுகிறார். கீழ் வரிசையில் யா இல்லை, அங்கும் 0. குறிகளைப் பார்த்தால் அருகிய வடிவம். சுழிகளைப் பார்த்தால் அடர்ந்த வடிவம். மேலிருந்து கீழாகக் கழிக்க வசதியாக இருக்கவேண்டும் என்பதற்காகவே அந்தச் சுழிகள். நான் மாறியை ‘ய’ என்று எழுதுவது அந்த மரபை நினைத்துத்தான்.

நம் பள்ளிக்கூடத்திலும் இதே கட்டளை உண்டு. தொகுமுறை வகுத்தல் செய்யும் பிள்ளைகளுக்கு ஆசிரியர் தவறாமல் சொல்வது: விடுபட்ட உறுப்புக்குச் சுழி போட்டுக்கொள். அந்தத் தொகுமுறை வகுத்தலின் உள்ளே இருக்கும் கணக்கு, வட்டிக் கடைக் கணக்கேதான். ஒருவர் முதலில் 500 ரூபாய் போடுகிறார். முதலாண்டு முடிவில் ஒன்றும் போடவில்லை. இரண்டாமாண்டு முடிவில் 300. மூன்றாமாண்டு முடிவில் 700. ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து, வட்டிக்கு வட்டி. ஓராண்டில் ஒரு ரூபாய் 1.1 ஆகிறது, அதை ய என்று வைத்தால் கடைசி இருப்பு 500ய³ + 0ய² + 300ய + 700. இதைக் கணக்குப் பிள்ளை எப்படிப் போடுவார்? ய³ எவ்வளவு, ய² எவ்வளவு என்று அவர் தனித்தனியே கண்டுபிடிக்க மாட்டார். 500-ஐ ஓராண்டுக்கு வளர்த்து 550. ஒன்றும் சேரவில்லை. அதை வளர்த்து 605, அதோடு 300 சேர்த்து 905. அதை வளர்த்து 995.50, அதோடு 700 சேர்த்து 1,695.50. மூன்று ஆண்டு, மூன்றே பெருக்கல்.

இந்த முறைக்கு ஐரோப்பாவில் ஹார்னரின் பெயர் (1819). சீனாவில் சின் ஜியுஷாவ் 1247-லேயே இதைப் பயன்படுத்தியிருக்கிறார். ஆண்டு தவறாமல் இருப்பைக் கட்டிய எந்தக் கணக்குப் பிள்ளைக்கும் இது பெயரில்லாமலே தெரிந்திருக்கும். இதைவிடக் குறைந்த பெருக்கலில் முடிக்க முடியுமா என்று 1954-இல் ஆஸ்ட்ரோவ்ஸ்கி கேட்டார். கெழுக்களை முன்கூட்டியே பதப்படுத்தாத பொதுவான நிலையில் முடியாது என்று 1966-இல் விக்டர் பான் நிறுவினார். படி எவ்வளவோ அவ்வளவு பெருக்கல். அதற்குக் கீழே போகமுடியாது. பல நூற்றாண்டுகளாகக் கைப்பழக்கமாக நடந்துவந்த ஒன்று, அதைவிடச் சிறந்தது இருக்கவே முடியாது என்று நிறுவப்படுவது அபூர்வம்.

வட்டி ஆண்டுதோறும் ஒரே மாதிரி இருந்தால்தான் இந்தக் கதை. இரங்கூனில் முகல் தெருவிலிருந்த செட்டியார் கோயிலில் நகரத்தார் மாதந்தோறும் கூடி அந்த மாதத்துக்கான நடப்பு வட்டியை முடிவு செய்வார்கள். மாதத்துக்கு மாதம் விகிதம் மாறினால் ய என்ற ஒரு மாறி போதாது. மாதத்துக்கு ஒரு மாறி வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு மாறிகள். தொடக்கத்தில் ஒரு தொகையும் ஒவ்வொரு மாத முடிவிலும் ஒரு தொகையும் போட்டால் ஆண்டுக் கடைசி இருப்பை மாதந்தோறும் வட்டி சேர்த்துக் கோவையாக விரித்து எழுதும்போது 13 உறுப்புகள் வரும். இதை அடர்ந்த வடிவத்தில் வைக்க முயன்றால், ஒவ்வொரு மாறியும் இருக்கலாம் அல்லது இல்லாமல் போகலாம் என்பதால், 2¹² அதாவது 4,096 இடங்கள் ஒதுக்க வேண்டும். 13 உறுப்புக்கு 4,083 சுழிகள். மாறிகள் கூடினால் அடர்ந்த வடிவம் இப்படித்தான் மூச்சுத் திணறும்.

பல மாறிக் கோவைகளுக்கு ஓர் அழகான உத்தி இருக்கிறது. மூன்று மாறிகளின் அடுக்குகள் 3, 5, 2 என்று ஓர் உறுப்பில் இருந்தால் அவற்றை மூன்று எண்களாக வைக்காமல் 030502 என்ற ஒரே எண்ணாக ஒட்டிவிடலாம். இன்னோர் உறுப்பில் அடுக்குகள் 1, 2, 4 என்றால் அது 010204. இரண்டு உறுப்புகளைப் பெருக்கும்போது அடுக்குகள் கூடும். ஒட்டிய எண்களைக் கூட்டினால் 040706. அதாவது 4, 7, 6. மூன்று கூட்டலுக்குப் பதில் ஒரே கூட்டல். உறுப்புகளைப் பெரியது சிறியது பார்த்து வரிசைப்படுத்தவும் ஓர் ஒப்பீடு போதும். கணினி இதைப் பத்தின் இடங்களில் செய்யாமல் 64 இருமங்கள் கொண்ட ஒரு சொல்லுக்குள் செய்கிறது. அடுக்கு பெரிதாகி ஒதுக்கிய இடத்தை மீறிப் பக்கத்து மாறிக்குள் வழியாமல் பார்த்துக்கொள்வது நூலகத்தின் பொறுப்பு.

இதே ஒட்டும் உத்தி கெழுக்களுக்கும் பொருந்தும்; அந்த வழி லியோபோல்ட் குரோனெக்கரின் பெயரால் அறியப்படுகிறது. 2ய + 3 என்பதையும் 4ய + 5 என்பதையும் பெருக்க வேண்டும். ய-வுக்கு 100 போடுங்கள்: 203, 405. சாதாரணமாகப் பெருக்குங்கள்: 82,215. வலப்பக்கத்திலிருந்து இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்தால் 8, 22, 15. விடை 8ய² + 22ய + 15. கோவைப் பெருக்கல் முழுவதும் ஒரே எண் பெருக்கலாகிவிட்டது! ய-வுக்கு 10 போட்டிருந்தால் 23 × 45 = 1035 என்று வந்து, இனமாற்றத்தில் எல்லாம் கலந்து, எந்த இலக்கம் எந்தக் கெழுவிலிருந்து வந்தது என்று தெரியாமல் போயிருக்கும். இடைவெளியை அகலமாக வைத்தால் கலப்பு நிகழ்வதில்லை. எண்ணுக்கும் கோவைக்கும் உள்ள ஒரே வேறுபாடு அந்த இனமாற்றம்தான். பெரிய எண்களைப் பெருக்கும் நிரல்களைப் பல பத்தாண்டுகளாகக் கூர்தீட்டி வைத்திருக்கிறார்கள்; அந்த உழைப்பை அப்படியே இரவல் வாங்க ஃபிளின்ட் போன்ற நூலகங்கள் இன்றும் குரோனெக்கர் வழியை நாடுகின்றன.

பெருக்கலில் இன்னும் ஆச்சரியம் பாக்கி இருக்கிறது. மேலே உள்ள கணக்குக்குப் பள்ளி முறையில் நான்கு பெருக்கல்கள்: 2×4, 2×5, 3×4, 3×5. ன இலக்கங்கள் என்றால் ன² பெருக்கல்; இதைக் குறைக்கவே முடியாது என்றுதான் 1960-இல் மாஸ்கோவில் கொல்மகோரோவ் தம் கருத்தரங்கில் ஊகம் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த 23 வயது அனத்தோலி கரத்சுபா சில நாளிலேயே அதைப் பொய்யாக்கினார். 2×4 = 8. 3×5 = 15. மூன்றாவதாக (2+3)×(4+5) = 45. அதிலிருந்து 8-ஐயும் 15-ஐயும் கழித்தால் 22. மூன்றே பெருக்கலில் விடை. பெரிய கோவையைப் பாதியாக உடைத்து, அந்தப் பாதிகளையும் பாதியாக உடைத்து, ஒவ்வொரு மட்டத்திலும் நான்குக்கு மூன்று என்று சேமித்துக்கொண்டே போகலாம்.

அந்த 45-ஐக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அது 8ய² + 22ய + 15 என்ற கோவையில் ய = 1 என்று போட்டால் வரும் மதிப்பு. 15 என்பது ய = 0 இல் வரும் மதிப்பு. இங்கேதான் ஒரு புதிய கதவு திறக்கிறது. கெழுக்களையே எழுதாமல், சில புள்ளிகளில் கோவையின் மதிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன? இரண்டு புள்ளிகள் ஒரு நேர்கோட்டை முடிவு செய்வதுபோல் மூன்று புள்ளிகள் இருபடிக் கோவையை முடிவு செய்யும். ய = 0, 1, −1 என்ற புள்ளிகளில் 2ய + 3-இன் மதிப்புகள் 3, 5, 1. 4ய + 5-இன் மதிப்புகள் 5, 9, 1. நேருக்கு நேர் பெருக்கினால் 15, 45, 1. பெருக்கற்பலனின் மதிப்புகள் வந்துவிட்டன. இந்த வடிவத்தில் பெருக்கல் என்பது கூட்டலைப் போலவே சுலபம். கடினம் முழுவதும் கெழுவிலிருந்து மதிப்புக்குப் போவதிலும் திரும்பி வருவதிலும் இருக்கிறது. புள்ளிகளை ஒரு வட்டத்தின்மேல் சம இடைவெளியில் தேர்ந்தால் அந்தப் போக்குவரத்தையும் மிக வேகமாக முடிக்கலாம் என்று 1965-இல் கூலியும் டூக்கியும் காட்டினார்கள். அதுவே விரைவு ஃபூரியர் உருமாற்றம். படி ஆயிரம் உள்ள இரண்டு கோவைகளுக்குப் பள்ளி முறையில் பத்து இலட்சம் பெருக்கல். இந்த வழியில் சில பத்தாயிரங்களில் வேலை முடிகிறது.

மூன்றாவது வடிவமும் உண்டு: மூலங்களை, அதாவது கோவையைச் சுழியாக்கும் ய-இன் மதிப்புகளை, பட்டியலிடுவது. (ய−1)(ய−2)(ய−3) என்பதை 1, 2, 3 என்று வைத்தால் போதும். இரண்டு கோவைகளைப் பெருக்க இரண்டு பட்டியல்களையும் ஒட்டிவிடலாம். ஆனால் கூட்டவேண்டுமென்றால் தொலைந்தோம்; மூலங்களை மறுபடி தேட வேண்டும். கெழு வடிவத்தில் கூட்டல் எளிது, மூலம் காண்பது கடினம். மதிப்பு வடிவத்தில் பெருக்கல் எளிது, வகுத்தல் சங்கடம். எல்லாச் செயலும் எளிதாக இருக்கும் வடிவம் என்று ஒன்று கிடையாது. ஒரு நூலகத்தை வடிவமைப்பவர் தேர்வது வடிவத்தை மட்டுமல்ல, பயனாளர் எந்தச் செயலை அதிகம் செய்வார் என்ற கணிப்பையும்.

வடிவத்தைத் தவறாகத் தேர்ந்தால் வேகம் மட்டுமா போகும்? பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருந்த ஜேம்ஸ் வில்கின்சன் (ய−1)(ய−2)…(ய−20) என்ற கோவையை எடுத்துக்கொண்டார். மூலங்கள் 1 முதல் 20 வரை, சமர்த்தாக, சம இடைவெளியில். விரித்தெழுதினால் ய¹⁹-இன் கெழு −210. அந்த ஒரே ஒரு கெழுவை 2⁻²³ அளவு, அதாவது ஏறத்தாழ 84 இலட்சத்தில் ஒரு பங்கு, குறைத்தார். 20 என்ற மூலம் 20.8-க்கு ஓடியது. பத்து மூலங்கள் மெய்யெண்களாகவே இல்லாமல் சிக்கலெண்களாகிவிட்டன. கோவையில் ஒரு கோளாறும் இல்லை. கணித்த விதத்திலும் இல்லை. ய-இன் அடுக்குகளில் விரித்து எழுதிய அந்தச் செயலே மூலங்களைப் பற்றிய தகவலை எட்டாக்கைக்குத் தள்ளிவிட்டது. இதனால்தான் நம்பையின் புதிய தொகுப்பில் சாதாரண அடுக்குகளோடு செபிஷெவ், லெஜாண்டர் போன்ற வேறு அடிப்படைகளும் தரப்பட்டிருக்கின்றன. அளவெடுத்த தரவுக்கு ஒரு வளைவைப் பொருத்த வேண்டியவர்கள், காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் போன்ற இடங்களில் இருப்பவர்கள் உட்பட, படி கூடக் கூட அந்த அடிப்படைகளுக்கு மாறுவது நல்லது.

கெழுவாக எந்த வகை எண்ணை வைப்பது என்பதும் இதே அளவு முக்கியம். 0.1ய² + 0.2ய² − 0.3ய² எவ்வளவு? சுழி என்போம். கணினியின் வழக்கமான தசம எண்களில் கெழு சுமார் 0.00000000000000006 என்று மிஞ்சும். அது சுழியல்ல என்பதால் இல்லாத ய² உயிரோடு நிற்கும். கோவையின் படி 2 என்று நூலகம் சாதிக்கும். கணினி இரண்டின் அடுக்குகளால் மட்டுமே பின்னங்களை எழுதுகிறது; ஐந்தில் ஒரு பங்கு அதற்குச் சரியாக எழுத வராது. நம் பழைய பின்ன முறையான கீழ்வாய் இலக்கத்தில் முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. 320 = 64 × 5. அந்த ஐந்து உள்ளே இருப்பதால் 0.1 என்பது சரியாக இரண்டு மா, 0.2 நாலு மா, 0.3 ஆறு மா. இரண்டும் நாலும் ஆறு. ஆறில் ஆறு போனால் ஒன்றுமில்லை. முந்திரிக்குக் கீழேயும் போக வழி வைத்திருந்தார்கள்: கீழ்முந்திரி என்பது முந்திரியில் 320-இல் ஒரு பங்கு, அதாவது 1,02,400-இல் ஒன்று. 1/320 என்ற மாறியின் அடுக்குகளில் எழுதிய கோவை அது! துல்லியமான பின்னங்களைக் கெழுவாக ஏற்கும் நூலகத்தில் இந்தப் பேய்ப்படி தோன்றாது. தசமத்தை ஏற்கும் நூலகம், எவ்வளவு சிறியதைச் சுழியாகக் கொள்வது என்ற முடிவைத் தானே எடுக்காமல் பயனாளரிடம் விட வேண்டும் என்பது என் எண்ணம். நம்பை அப்படித்தான் செய்கிறது: 1, 2, 0 என்று கொடுத்தால் படி 2 என்றே சொல்லும், கடைசிச் சுழிகளை வெட்டச் சொல்லி நாம் கேட்டால்தான் வெட்டும்.

எல்லாக் கெழுவும் சுழியான கோவையின் படி என்ன? ஃபிளின்ட் −1 என்கிறது. சிம்பை குறை முடிவிலி என்கிறது. பெருக்கினால் படிகள் கூட வேண்டும் என்ற விதியை வைத்துப் பார்த்தால் சிம்பை சொல்வதே சரி: படி 3 உள்ள கோவையைச் சுழியால் பெருக்கினால் 3 + (−1) = 2 என்று வரக்கூடாது. ஆனால் −1 என்பது சாதாரண முழு எண். வேகமான நிரலுக்கு அது வசதி.

இடத்தைச் சிக்கனப்படுத்த இன்னொரு வழி, கோவையை மடக்குவது. 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐஐடியில் மனீந்திர அகர்வாலும் அவர் மாணவர்கள் நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும், ஓர் எண் பகா எண்ணா என்பதை ஐயத்துக்கு இடமின்றி, எண்ணின் இலக்கங்களைப் பொறுத்த பல்லுறுப்புக்கோவை நேரத்தில் சோதிக்கும் முறையை வெளியிட்டார்கள். அதன் நடுவே நிற்பது (ய + அ) என்ற கோவையின் ன-ஆவது அடுக்கு. ன நூறு இலக்க எண்ணாக இருக்கும்போது அதை விரித்தெழுத உலகத்துக் கணினிகள் எல்லாம் சேர்ந்தாலும் நினைவகம் போதாது. அவர்கள் யʳ என்பதை 1 ஆகக் கருதிவிட்டார்கள். அடுக்கு r-ஐத் தொட்டதும் மறுபடி சுழிக்கே திரும்பும். எவ்வளவு பெருக்கினாலும் இடங்கள் அவ்வளவே. கோவை ஒரு வட்டத்துக்குள் மடங்கிக்கொள்கிறது. நினைவகத்தில் அது அடர்ந்த வடிவத்துக்காகவே பிறந்த கோவை.

இப்படி மடக்கும் எண்ணத்திலிருந்து இன்னொன்று கிடைக்கிறது. அதுவே எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்தது. அதற்குக் காரைக்குடி வழியாகவே போகலாம். கோட்டையூரில் 1909-இல் பிறந்த அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கல்லூரிகளையும் மின்வேதியியல் ஆய்வகத்துக்கு நிலத்தையும் நிதியையும் தந்தவர் என்பது ஊரறிந்த செய்தி. 1950-இல் சென்னையில் இராமானுஜன் கணித நிறுவனத்தைத் தம் சொந்தப் பொருளில் தொடங்கியவரும் அவரே. அதன் முதல் இயக்குநர் தி. விஜயராகவன், ஆக்ஸ்போர்டில் ஹார்டியிடம் பயின்றவர். பிரான்சின் சார்ல் பிசோவும் விஜயராகவனும் தனித்தனியே ஆராய்ந்த ஒரு வகை எண்களுக்கு இன்று பிசோ–விஜயராகவன் எண்கள் என்று பெயர். முழு எண் கெழுக்களும் முதற்கெழு 1-உம் கொண்ட கோவையின் மூலம் அது, ஒன்றைவிடப் பெரியது, அந்தக் கோவையின் மற்ற மூலங்கள் எல்லாம் ஒன்றைவிடச் சிறிய அளவுள்ளவை. அவற்றுள் மிகச் சிறியது ய³ − ய − 1 என்ற கோவையின் மூலம், 1.3247… என்று கார்ல் சீகல் 1944-இல் நிறுவினார்.

இந்த எண்ணைக் கணினியில் எப்படி எழுதுவது? தசமத்தில் எழுதினால் எங்காவது நிறுத்தியாக வேண்டும். நிறுத்திய இடத்தில் அது வேறு எண்ணாகிவிடும். நூலகங்கள் வேறு வழி வைத்திருக்கின்றன: எண்ணை எழுதாமல் அதன் கோவையை எழுதுவது. ய³ = ய + 1 என்பதை விதியாக வைத்துக்கொண்டால் எந்த அடுக்கையும் மூன்றே கெழுக்களுக்குள் மடக்கிவிடலாம். ய⁴ = ய² + ய. ய⁵ = ய² + ய + 1. ய⁶ = ய² + 2ய + 1; ய³-ஐ வர்க்கம் செய்தாலும், அதாவது (ய + 1)²-ஐ விரித்தாலும், இதுவே வருகிறது. ஒரு தசமப் புள்ளிகூட இல்லாமல் முழுத் துல்லியத்தோடு கணக்கு நடக்கிறது.

இந்த வகை எண்களில் முழு எண் அல்லாதவற்றுக்கு ஒரு விசித்திர குணம்: அடுக்கு ஏற ஏற முழு எண்களை நெருங்கிக்கொண்டே போகும், ஆனால் தொடாது. பொன் விகிதம் இவற்றில் ஒன்று; அதன் விதி ய² = ய + 1. அதன் பத்தாம் அடுக்கு 122.9919, இருபதாம் அடுக்கு 15126.99993. நாற்பதாம் அடுக்கைக் கணினியின் வழக்கமான தசமத்தில் வைத்தால் 22,88,26,127 என்ற முழு எண்ணாகவே தெரியும். எஞ்சியிருக்கும் வித்தியாசம் அந்த அளவு பெரிய எண்ணின் அருகே அதன் 64 இருமங்களுக்குப் பிடிபடாத அளவு சிறியது. கோவையாக வைத்து ய² = ய + 1 என்று மடக்கிக்கொண்டே வந்தால் ய⁴⁰ = 10,23,34,155ய + 6,32,45,986. ய-இன் கெழு சுழி அல்ல. ஆகவே ய⁴⁰ முழு எண் அல்ல.